பதினோராவது தொலைநோக்கி

ஜிஹான்பேலிக்குப் போகும் சாலையில்
நூற்றைம்பது மீட்டருக்கு ஒன்றாகப்
பதினோரு தொலைநோக்கிகள்.
என்னுடையது கடைசி.
கிழங்கு பிடுங்கி முடித்த வயல்,
பூட்ஸில் அரைக் கிலோ சேறு.
எடைமேடைக்காரி நான்,
சேற்றையும் நிறுத்துத்தான் சொல்வேன்.

சர்க்கரை ஆலை வாசலில்
பத்தொன்பது வருடமாக லாரிகளை நிறுக்கிறேன்.
பாரத்தோடு ஒருமுறை, வெறுமையாய் ஒருமுறை.
கழித்தால் வருவது கிழங்கு.
அக்டோபரில் யாருக்கும் விடுப்பு கிடையாது.
ஏன் வேண்டும் என்றார் மேலாளர்.
ஒரு கல் வருகிறது என்றேன்.
சிறுநீரகத்திலா என்றார்.

அந்தக் கல்லுக்குப் பெயர் வைக்கவில்லை.
ஓர் ஆண்டு, இரண்டு எழுத்து, ஓர் எண்:
லாரியின் நம்பர் பிளேட் மாதிரி.
நானூற்று முப்பத்தேழு நாளில் ஒரு சுற்று.
செவ்வாயைத் தாண்டிப் போய்
வெள்ளியின் வாசல்வரை இறங்கி
நடுவில் நம் பாதையைக் குறுக்கே வெட்டும்,
ஹாரன் அடிக்காமல்.

துர்ஹான் காகிதத்தில் வரைந்து காட்டினான்.
வெயிலில் காய்ந்த பாறை
தன் சாயங்காலப் பக்கத்தில்
அந்தச் சூட்டை மூச்சாக விடுகிறதாம்.
அந்த மூச்சே அதைத் தள்ளுகிறதாம்,
வருடத்துக்கு இருநூறு மீட்டர்.
வெயிலுக்கு இப்படியொரு கை இருப்பது
எனக்குத் தெரியாது.
எண்பது வருடம் கழித்து
ஒரு மார்ச் மாதத்தில் அது எங்கே நிற்கும்?
அதற்குள் அந்த மீட்டர்கள்
வட்டியாகிக் குட்டி போட்டிருக்கும்.

இன்றிரவு அது ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்.
எழுநூறு மீட்டர் அகல நிழல்
இந்தச் சமவெளியை ஒரு கோடாகக் கடக்கும்.
இமை மூடித் திறப்பதற்குள்
நாலைந்து முறை வந்துபோகும் வேகம்.
கண்ணால் ஆகாது, கேமராதான்.

மூன்றரை மணிக்கு டார்ச்சோடு வந்தார் ரஸிம்,
வயல்காரர். அணையுங்கள் என்று
சாலை முழுக்கக் கத்தினோம்.
இருட்டில் நின்றபடி கேட்டார்:
விழுமா?
நிழல் மட்டும்.
நிழலுக்கா இத்தனை பேர்
என் வயலை மிதிக்கிறீர்கள்?
போய்விட்டார். நாய் போகவில்லை.
அறுபது கிலோ இருக்கும்,
முக்காலியில் சாயப் பார்த்தது.
முழங்காலால் தடுத்துக்கொண்டே
நொடிகளை எண்ணினேன்.

மூன்று நாற்பத்தொன்று.
திரையில் என் நட்சத்திரம்
கல் மாதிரி நின்றது.

வாக்கிடாக்கியில் வரிசையாகக் குரல்கள்.
ஒன்று முதல் ஐந்து, இல்லை.
ஆறு, மறைந்தது.
ஏழு, மறைந்தது. எட்டு. ஒன்பது.
பத்து, நொடியில் நூறில் இரண்டு பங்கு.
பதினொன்று?
மறையவில்லை என்றேன்.
பரீட்சையில் தோற்றவள் குரலில்.

பெர்ரின் விடவில்லை.
கேமரா ஓடியதா?
ஓடியது.
மேகம்?
இல்லை.
மறையவேயில்லை?
மறையவேயில்லை.
அப்படியானால் என்றாள்,
மூச்சு வாங்கியது அவளுக்கு,
கல்லின் ஓரம் பத்துக்கும் உனக்கும் நடுவில்.

வெறும் லாரியை நிறுக்காமல்
கணக்கு முடியாது என்று
எல்லா டிரைவரோடும் சண்டை போடுகிறவள் நான்.
எனக்கே மறந்துவிட்டது.

வசந்தத்தில் கடிதம் வந்தது.
அந்த மார்ச்சைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.
ஒரு செப்டம்பர் இன்னும் இருக்கிறது.

அன்று விடியலில் நான் செய்தது இவ்வளவுதான்:
பத்தாம் இடம்வரை நடந்தேன்,
நாய் கூடவே.
எந்த அடியில் நிழல் முடிந்தது என்று
சாலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
ஓரத்தில் ஒரு கிழங்கு கிடந்தது,
யார் லாரியிலிருந்து விழுந்ததோ.
கையில் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்றேகால் கிலோ.
எந்தச் சீட்டிலும் வராதது.